வகுப்பறைக்குப் புது யோசனைகளை எங்கே தேடுவது?

டீச்சர், நீங்கள் கேட்டது இது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். புதுமையான செயல்பாடுகளும் கற்றல் வளங்களும் எங்கே கிடைக்கும்? இணையத்தில் தேடினால் வண்ண வண்ணமாக வந்து கொட்டுகிறது, ஆனால் எதுவும் என் வகுப்புக்குப் பொருந்தவில்லை. கைக்காசு போட்டு வாங்கியதெல்லாம் ஒரே வாரத்தில் மூலைக்குப் போய்விடுகிறது.

எங்கே கிடைக்கும் என்பதைக் கட்டாயம் சொல்கிறேன், நல்ல இடங்கள் நிறையவே இருக்கின்றன. அதற்கு முன்னால் எதைத் தேடுவது என்பதைப் பேசிவிடலாம். அது தெளிவாகாதவரை எந்த இடத்துக்குப் போனாலும் உங்களுக்கு இதே அனுபவம்தான் கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் 'நல்ல டி.எல்.எம்.' (கற்பித்தல் துணைக்கருவி) என்றுதான் தேடினேன். ஒரு கண்காட்சிக்காக மூன்று இரவு உட்கார்ந்து தெர்மாகோலில் இடமதிப்புப் பலகை ஒன்று செய்தேன். மினுமினுப்புத் தாள், சுழலும் வட்டு எல்லாம் வைத்தது. பாராட்டும் கிடைத்தது. பள்ளிக்குக் கொண்டுவந்த பிறகு, உடைந்துவிடுமே என்று பிள்ளைகளைத் தொட விடாமல் பீரோவுக்கு மேலே வைத்தேன். அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் பாதிப் பேருக்கு இடமதிப்பு பிடிபடவில்லை. பலகை மட்டும் பத்திரமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த மூன்று இரவில் நான் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டியிருக்கலாம்.

யோசனை தொடங்கும் இடம் அந்த நோட்டுத்தான். 'கணக்குக்குச் சுவாரசியமான செயல்பாடு' என்று தேடாதீர்கள். ஒரு பிள்ளை எங்கே, எப்படித் தடுமாறுகிறது என்று முதலில் பாருங்கள். தேடல் அங்கிருந்து போகட்டும்.

ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஒரு முறை என் வகுப்பில் நான்கு பேர் 52-இல் இருந்து 28-ஐக் கழித்து 36 என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே விடை வருகிறது என்றால் அது கவனக்குறைவு இல்லை, அவர்களுக்கு என்று ஒரு விதி இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன். 'இரண்டிலிருந்து எட்டு போகாது சார், அதனால எட்டிலிருந்து இரண்டை எடுத்தேன்' என்றான் ஒருவன். பெரியதிலிருந்து சிறியதை எடுக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பில் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. நாம் வழக்கமாகச் சொல்லும் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்பதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சிறுமி கேட்டாள்: 'வாங்கின கடனை எப்ப சார் திருப்பிக் கொடுக்கணும்?'

கேள்வி நியாயமானது. அங்கே யாரும் கடன் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். நம் சொல்தான் பிள்ளையைத் திசைமாற்றிவிட்டது.

மறுநாள் தென்னை ஈர்க்குச்சியை ஒரே அளவாக வெட்டிக் கொண்டுபோனேன். பத்துப் பத்தாகப் பிள்ளைகளே எண்ணி ரப்பர் பேண்டு போட்டார்கள். இந்த எண்ணும் வேலையை அவர்களிடமே விட வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதை அவர்கள் நம்புவார்களே தவிர, அறிய மாட்டார்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து இருபத்தெட்டு எனக்கு வேண்டும் என்று கையை நீட்டினேன். இரண்டு கட்டைச் சட்டென்று கொடுத்துவிட்டான். எட்டு உதிரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இரண்டு குச்சியையும் பார்க்கிறான், கட்டையும் பார்க்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். அரை நிமிடம் கழித்து, 'சார், கட்டை அவிழ்க்கலாமா?' என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வியை அவன் கேட்டதும் பாடம் முடிந்துவிட்டது. அவிழ்த்தான், பன்னிரண்டு உதிரியில் எட்டைக் கொடுத்தான், இரண்டு கட்டும் நான்கு குச்சியும் மிஞ்சின. அப்புறம்தான் கரும்பலகையில் 5-ஐ அடித்து 4 என்று எழுதினேன். 'ஒரு கட்டை அவிழ்த்துட்டோம்ல, அதான் நாலு' என்று வகுப்பே சொன்னது. நான்கைந்து நாள் கழித்து 302-இல் இருந்து 145-ஐக் கழிக்கும் கணக்கு வந்தபோது, நடுவில் பூஜ்யம் இருக்கிறதே என்று நான் பயந்த இடத்தில், நூறு குச்சி உள்ள பெரிய கட்டை முதலில் பத்துச் சிறு கட்டுகளாக்க வேண்டும் என்று அந்தச் சிறுமியே சொன்னாள்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையில் இதே இடமதிப்புக்குத் தங்க நிற மணிகள் உண்டு: ஒற்றை மணி, பத்து கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். மணி அழகுதான், ஆனால் கம்பியில் கோத்த பத்தை அவிழ்க்க முடியாது, பத்து உதிரி மணி கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். கழித்தலில் தடுமாறும் பிள்ளைக்கு, தன் கையாலேயே அவிழ்க்கிற ஈர்க்குச்சிக் கட்டு இன்னும் நேராகப் புரிகிறது என்பது என் அனுபவம். விலை உயர்ந்த பொருள் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது தேடும் இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது உங்கள் பள்ளி பீரோ. பிள்ளைகள் அட்டைகளை எடுத்துப் படிப்படியாகத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் என்று ஒரு காலம் இருந்ததை நீங்கள் மாணவியாகவே பார்த்திருக்கலாம். ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுபோனார்கள். அந்த முறை மாறிவிட்டது, ஆனால் அட்டைகள் பல பள்ளிகளில் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஈராசிரியர் பள்ளிக்கு அவை பொக்கிஷம். ஓர் ஆசிரியர் பல வகுப்பைக் கவனிக்கிற அறைக்காகவே யோசித்துச் செய்த முறை அது. நீங்கள் நான்காம் வகுப்போடு உட்கார்ந்திருக்கும்போது ஐந்தாம் வகுப்பு தானாகச் செய்ய ஏதாவது வேண்டும் இல்லையா, அதற்கு அட்டைகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளை வரிசைப்படுத்தும் முழுக் கற்றல் ஏணியையும் பின்பற்ற வேண்டியதில்லை.

கூடவே தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பொருட்களையும் பாருங்கள். கொரோனா விடுமுறையில் ஏற்பட்ட இடைவெளிக்காக 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளின் கற்றல் அளவை வைத்து அரும்பு (தொடக்கம்), மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது, ஐந்தாம் வகுப்பில் இருந்தும் அரும்பு நிலையில் நிற்கிற பிள்ளைக்குக் கீழ்வகுப்பு நூலை எடுத்துக் கொடுக்கத் தயங்காதீர்கள். மற்றவர்கள் பார்த்துச் சிரிக்காத மாதிரி, அட்டையாக வெட்டியோ தனித்தாளில் எழுதியோ கொடுத்தால் போதும்.

அறிவியலுக்கும் வடிவியலுக்கும் நான் முதலில் கைகாட்டுவது அரவிந்த் குப்தாவைத்தான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்காக ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தவர், சந்தையில் மலிவாகக் கிடைத்த பொருட்களை வைத்து பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய இணையதளத்தில் குப்பையிலிருந்து செய்கிற பொம்மைகள் படிப்படியான படங்களோடு இருக்கின்றன. குறும்படங்களைப் பல மொழிகளில், தமிழிலும், பார்க்கலாம். எல்லாம் இலவசம்.

அவர் தொடக்கத்தில் செய்தது தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்த வடிவங்கள். நான் இதை வருடம் தவறாமல் செய்கிறேன். குச்சியின் மருந்தை முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள், அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வால்வு டியூபை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் அதுதான் மூட்டு. முதலில் முக்கோணம் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் சதுரம். இரண்டையும் மெல்லத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும், முக்கோணம் அசையாது. சதுரத்தையும் அசையாமல் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் யாராவது குறுக்கே ஒரு குச்சி வைத்துவிடுவார்கள். நீளம் போதவில்லை என்று திணறி, இரண்டு குச்சியை டியூபால் சேர்க்கும் பிள்ளையும் உண்டு. மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்பதை அது அங்கேயே கண்டுவிட்டது. மறுநாள் ஒரு பையன் ஓடிவந்து, 'சார், கரண்டு டவர் முழுக்க முக்கோணமா இருக்கு' என்றான். நான்கு வருடமாக அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் அவன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

கதைகளுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம். தமிழில் நூற்றுக்கணக்கான படக்கதைகள் இருக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம் என்கிற திறந்த உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள், அதனால் தயக்கம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை உண்டு. சில கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்பு வாடையோடு விறைப்பாக இருக்கும். வகுப்பில் நேராகத் திறக்காமல், முந்தின நாள் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் காட்டிவிட்டு, கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று விடுவது எனக்கு இன்னும் பிடித்தது. எழுத்து தெரியாத பிள்ளை அன்றைக்கு மற்றவர்களுக்குச் சமமாக உட்காரும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளின் சிறு புத்தகங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய புத்தகத்தைப் பிள்ளை கேட்டு வாங்காது.

துளிர் இதழைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இலிருந்து நடத்தும் சிறுவர் அறிவியல் மாத இதழ். அதன் பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். அதேபோல், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது. செய்திகள் பழையவை, சரிபார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பறவையையோ எரிமலையையோ எந்தச் சொல்லில் விளக்குவது என்பதற்கு அதைவிடப் பொறுமையான தமிழை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கல்வித் துறையின் கனவு ஆசிரியர் இதழில் ஆசிரியர்களே தங்கள் வகுப்பு அனுபவத்தை எழுதுகிறார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

காணொளிகள், செயலிகள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அரசின் இணையக் கற்றல் தளமான தீக்‌ஷாவுக்குப் போகும். வகுப்புக்கு முன்பே திறந்து பார்த்துத் தரவிறக்கி வையுங்கள், நெட் நம்மை நட்டாற்றில் விடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) கணினிச் செயல்மாதிரிகள் உண்மையிலேயே நல்லவை. பின்னம், சமநிலை போன்றவற்றைப் பிள்ளையே திரையில் இழுத்து மாற்றிப் பார்க்கலாம். தரவிறக்கி நெட் இல்லாமலும் ஓட்டலாம், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. காணொளியைப் பொறுத்தவரை என் பழக்கம் ஒன்றுதான்: பாதியில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்பேன். கேட்காவிட்டால் பிள்ளைகள் அதை சினிமா மாதிரி பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் தேடத் தயக்கம் வேண்டாம், ஆனால் கலைச்சொல்லைச் சரியாகப் போடுங்கள். கடன் வாங்கிக் கழித்தலை அவர்கள் இப்போது 'ரீகுரூப்பிங்' என்கிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் வருகிற பக்கங்களே வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் (NRICH) தளம் கணக்குக்குத் தங்கம். அங்கே கிடைப்பது பொருள் இல்லை, கேள்விகள். அச்சிட வேண்டாம், ஒட்ட வேண்டாம், ஒரு நல்ல கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு பீரியட் ஓடும். கேள்வியைத் திறந்த கேள்வியாக்குவது எப்படி என்று நான் அப்படிப்பட்ட இடங்களில்தான் கற்றேன். ஒரு நாள் '24 என்பது விடை, கேள்வி என்ன?' என்று எழுதினேன். 20 கூட்டல் 4 என்று தொடங்கியது, ஆறு நான்கு, நூறிலிருந்து எழுபத்தாறு என்று போய், 'ரெண்டு டஜன் வாழைப்பழம்', 'ஒரு நாளைக்கு எத்தனை மணி' என்று வந்து நின்றது. வழக்கமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை, 'எங்க வீட்டு ஆடு பன்னெண்டு, ஆளுக்கு ரெண்டு கொம்பு' என்றது. இரண்டு வகுப்பும் ஒரே அறையில் இருக்கிற உங்களுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் மிகவும் கைகொடுக்கும். நான்காம் வகுப்பு கூட்டலில் நிற்கும், ஐந்தாம் வகுப்பு பின்னத்துக்குப் போகும், யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை.

ஊரையும் மறந்துவிடாதீர்கள். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் மூன்றும் கணக்கு வகுப்புக்கு நேராக வரும். பாட்டிகள் யாராவது வந்து ஒரு மணி நேரம் பல்லாங்குழி ஆடிக் காட்டினால், அவர்கள் மனதில் ஓடும் கணக்கைப் பார்த்து ஐந்தாம் வகுப்பே வாய் பிளக்கும். பள்ளி வாசலில் நிற்கும் மரத்தை வாரம் ஒரு முறை பார்த்துத் துளிர், பூ, காய் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். இதையே நாடு முழுக்கச் செய்கிற சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, பள்ளிகளும் சேரலாம். நீங்கள் சேராவிட்டாலும் ஒரு நோட்டும் ஒரு புங்கமரமும் போதும். ஜூனில் தொடங்கினால் கோடை வருவதற்குள் பிள்ளைகள் எழுதிய ஓர் அறிவியல் நூல் உங்கள் கையில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியவர்கள் சக ஆசிரியர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையை வீணாக்காதீர்கள். 'உங்களிடம் என்ன மெட்டீரியல் இருக்கு?' என்று கேட்டால் பி.டி.எஃப். அனுப்புவார்கள், நம் போனில் ஏற்கெனவே ஆயிரம் பி.டி.எஃப். இருக்கிறது. 'உங்கள் வகுப்பில் பின்னம் எங்கே இடிக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும்போது ஆசிரியரின் முகமே மாறும். முடிந்தால் ஒரு நாள் அனுமதி வாங்கிப் பக்கத்துப் பள்ளி வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் பேசும்போது எந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை, தானே பாடம் நடத்தும்போது யாராலும் பார்க்க முடியாது.

வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதற்காக ஒரு செயல்பாடு செய்யாதீர்கள். சில சமயம் மேலிருந்து கேட்பார்கள், கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது வேறு. ஆனால் படத்துக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கும் நேரத்தில், அந்தக் கட்டை அவிழ்க்கிற அரை நிமிடம் நடக்காது.

திங்கட்கிழமைக்கு என்று இரண்டு வேலை சொல்கிறேன். கழித்தல் கணக்கு ஐந்து கொடுத்து, தவறான விடைகளை மட்டும் ஒரு தாளில் பெயர் போடாமல் எழுதிப் பாருங்கள். ஒரே தவறு மூன்று பேருக்கு மேல் வந்தால் அதுதான் உங்கள் முதல் தேடல். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தச் செயல்பாடு செய்தாலும் அன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே பிள்ளைகள் மெளனமானார்கள், எங்கே கேள்வி கேட்டார்கள். என்னிடம் அப்படிப் பதினொரு நோட்டு இருக்கிறது. புது யோசனை வேண்டும் என்று தோன்றினால் நான் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

ஈர்க்குச்சி வெட்டும்போது நுனிப்பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கமாக எடுங்கள், நுனி சீக்கிரம் ஒடியும். ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி வையுங்கள், அவிழ்த்துக் கட்டியே பாதி அறுந்துவிடும். அந்த நான்கு பேரைப் போல உங்கள் வகுப்பிலும் யாராவது 36 என்று எழுதியிருந்தால், அவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.